வீட்டுக்கு ஒரு மிக் வெல்டிங் மெஷின்: 200 ஆம்ப்ஸ் யாருக்கு வேணும்?

வெல்டிங் மெஷின் என்றால் ஒரு காலத்தில் பட்டறை மூலையில் நிற்கும் பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்பார்மர், எண்ணெய், செம்புச் சுற்று. நகர்த்த நாலு பேர் வேண்டும். இன்வெர்ட்டர் வந்ததும் அந்தப் பெட்டி ஒரு சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்று ஆன்லைனில் மிக்ஸி வாங்குவது போல வெல்டிங் மெஷின் வாங்குகிறார்கள். மாடித்தோட்டத்துக்கு ஸ்டாண்டு செய்ய நினைப்பவர், பழைய பைக்கைத் தட்டி எழுப்புபவர், தோட்டத்துக் கேட் வருடா வருடம் கழன்று விழுந்து அலுத்துப்போனவர்... இப்படி எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. அதிலும் "மிக்" என்ற வார்த்தைக்கு ஒரு தனி மயக்கம்.

அந்த மயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ராடைப் பிடித்து, உரசி, நெருப்பு வரவைத்து, ராடு கரையக் கரைய கையையும் கூடவே இறக்க வேண்டும். புதியவர் கையில் ராடு முதலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத நேரத்தில் ஓட்டை போடும். வீட்டு வேலையில் முக்கால்வாசி 16 கேஜ், 18 கேஜ் சதுரக் குழாய், அதாவது 1.6 மில்லி, 1.2 மில்லி கனம். பழகாத கை 12 நம்பர் ராடு வைத்தால் குழாய் வடிகட்டி ஆகிவிடும். மிக் அப்படி இல்லை. டார்ச்சின் பட்டனை அழுத்தினால் கம்பி தானாக வரும், தானாக உருகும். கையை நகர்த்தினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பார்க்கிற மாதிரி ஒரு கோடு போட்டுவிடலாம். (இந்த "பார்க்கிற மாதிரி" என்பதில்தான் ஆபத்து. அது பின்னால்.)

பெயரைப் பற்றி ஒரு வரி. மிக் என்பதன் விரிவு மெட்டல் இனர்ட் கேஸ். 1948-ல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிலையத்தில் அலுமினியத்துக்காக உருவானது. இரும்புக்கு அந்த மந்த வாயு கட்டுப்படியாகவில்லை. 1950-களில் மலிவான கார்பன் டை ஆக்சைடைப் போட்டுப் பார்த்தார்கள், வேலை செய்தது. அதனால்தான் நம்மூர் பட்டறைகளில் இதை யாரும் மிக் என்று சொல்வதில்லை, "சிஓடூ வெல்டிங்" என்பார்கள். அதுதான் சரியான பெயரும்கூட. வாயுவின் வேலை ஒன்றே ஒன்று: உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காப்பது. சமையல் கேஸ் சிலிண்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இப்படியும் சிலர் கேட்கிறார்கள், அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி கடைக்குள் நுழையலாம். எந்த ஊர்க் கடையிலும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"வீட்டுக்குத்தானே சார்? அப்ப 200 ஆம்ப்ஸ் எடுத்துக்கோங்க. நாளைக்குப் பெரிய வேலை வந்தாலும் உதவும்."

"கேஸ் தனியா வாங்கணுமாண்ணே?"

"கேஸே வேணாம் சார். கேஸ்லெஸ். பிளக்கை மாட்டுங்க, அடிங்க."

இந்த மூன்று வரியில் இரண்டு பொறி இருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குபவர் வீட்டுச் சுவரில் என்ன பிளக் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, வாங்குபவரும் யோசிக்கவில்லை.

முதல் பொறி, 200. மிக் வெல்டிங்கில் 200 ஆம்ப்ஸ் வரும்போது வோல்டேஜ் சுமார் 24 இருக்கும். பெருக்கினால் 4,800 வாட். இது வெளியே வருவது மட்டும். மெஷினுக்குள் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் உள்ளே சுமார் 6,000 வாட் போக வேண்டும். 230 வோல்ட்டில் அது 26 ஆம்ப்ஸ். வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய பிளக்கை "15 ஆம்ப்ஸ் பிளக்" என்கிறோம், அதன் மேல் 16 என்று எழுதியிருக்கும். 26 எப்படி 16-க்குள் போகும்? போகாது. டிரிப்பர் விழும். டிரிப்பர் இல்லாத பழைய வீடாக இருந்தால் வயர் சூடாகும், அது இன்னும் மோசம். இதுவும் நல்ல நிலைமையில் போட்ட கணக்கு. விலை குறைந்த இன்வெர்ட்டர்களில் பவர் பேக்டர் குறைவு. அவை தேவைக்கு மேலேயே கரண்டை இழுக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் 16 ஆம்ப்ஸ் பிளக்கிலிருந்து நிம்மதியாக எடுக்கக்கூடியது 100 ஆம்ப்ஸ் பக்கம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், 200 மட்டும் நிச்சயம் இல்லை.

அப்படியானால் 200 ஆம்ப்ஸ் மெஷினுக்குக் கொடுத்த காசில் பாதி, பீரோவில் பூட்டி வைத்த நோட்டு மாதிரி. நிறுவப்பட்ட திறன் ஒன்று, பயன்படும் திறன் வேறு என்று காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வருமே, அதேதான். தொழிற்சாலைக்கு நடந்தால் ஐந்து மதிப்பெண் கேள்வி, வீட்டுக்கு நடந்தால் பணம் போச்சு.

இன்னொரு கேள்வி: வீட்டுக்கு எவ்வளவு ஆம்ப்ஸ்தான் தேவை? பட்டறைக்காரர்கள் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கில் ஒரு மில்லி கனத்துக்கு 40 ஆம்ப்ஸ். 1.6 மில்லி குழாய்க்கு 65 போதும். 3 மில்லி ஆங்கிளுக்கு 120. மாடித்தோட்ட ஸ்டாண்டும் செருப்பு ஸ்டாண்டும் இதைத் தாண்டாது. உண்மையில் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது மேல் எல்லையை அல்ல, கீழ் எல்லையை. 30, 40 ஆம்ப்ஸில் நடுங்காமல் எரிகிறதா என்பதுதான் மெல்லிய தகட்டுக்கு முக்கியம். அதை எந்தப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

பெட்டியின் மேல் உள்ள எண்ணை விட்டுவிட்டு மெஷினின் பின்பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில்தான் உண்மை இருக்கும். சில மெஷின்களில் மாடல் பெயரிலேயே 200 இருக்கும், தகட்டில் 140 என்று இருக்கும். பெயர் வைப்பதற்குச் சட்டம் இல்லையே! அந்தத் தகட்டில் "ஐ1 எஃப்" என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு எண் வரும். தொடர்ந்து வேலை செய்யும்போது சுவரிலிருந்து அது சராசரியாக இழுக்கும் கரண்ட். அது 16-க்குள் இருக்க வேண்டும். அதே இடத்தில் "எக்ஸ்" என்று ஒரு சதவீதம் இருக்கும், அதுதான் டூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்தக் கரண்டில் ஓடலாம், நாலு நிமிடம் ஆற வேண்டும். இதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். வீட்டு வேலைக்கு இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. குழாயை அளந்து, வெட்டி, நேராக்கிப் பிடிப்பதிலேயே பத்தில் எட்டு நிமிடம் போய்விடும். ஒன்று மட்டும் கவனம்: அந்தச் சோதனையை 40 டிகிரி சூட்டில் செய்வதுதான் உலக வழக்கம். மே மாதம், மொட்டை மாடி, மேலே தகரக் கூரை என்றால் தகட்டு எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது. தகட்டே ஒட்டாத மெஷினா? அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

இரண்டாவது பொறி, கேஸ்லெஸ். கேஸ்லெஸ் என்றால் மந்திரம் ஒன்றும் இல்லை. கம்பிக்குள் நடுவில் பிளக்ஸ் பொடி அடைத்திருப்பார்கள். எரியும்போது அந்தப் பொடியே புகை மூட்டம் போட்டு இரும்பைக் காக்கிறது. ராடு வெளியே போட்டிருந்த சட்டையை உள்ளே போட்ட மாதிரி. காற்றடிக்கும் மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் இதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். கேஸ் வைத்து அடித்தால் ஒரு டேபிள் பேன் காற்று போதும், கவசம் கலைந்து வெல்டு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். கேஸ்லெஸ்ஸில் புகை அதிகம், தெறிப்பு அதிகம், மேலே சிலாக் வரும், தட்டி எடுக்க வேண்டும். 1.2 மில்லித் தகட்டில் கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் இருக்கும்.

ஆனால் கணக்கு உதைப்பது கம்பி விலையில். உள்ளே பொடி அடைத்த கம்பி கிலோவுக்கு, சாதாரண செம்புப் பூச்சுக் கம்பியை விடப் பல மடங்கு விலை. பிரின்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு இங்க்கில் எடுப்பார்களே, அந்த வியாபாரம். இங்கே ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கிறது. 0.8 மில்லி சாதாரணக் கம்பி ஒரு கிலோ என்றால் நீளம் சுமார் 250 மீட்டர். 90 ஆம்ப்ஸில் நிமிடத்துக்கு நாலரை மீட்டர் போகும். ஆக ஒரு கிலோ கம்பி சுமார் 55 நிமிட நெருப்பு. மறுபக்கம், கார்பன் டை ஆக்சைடு ஒரு கிலோ வெளியே வந்தால் 550 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால் அதுவும் 55 நிமிடம்! ஒரு கிலோ கம்பிக்கு ஒரு கிலோ வாயு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். நம்மூர் கார்பன் டை ஆக்சைடு மலிவு. ஆகவே ஓடுகிற செலவில் கேஸ்தான் ஜெயிக்கும்.

நிலையான செலவில் தோற்கும். சிலிண்டர், அதன் டெபாசிட், ரெகுலேட்டர், குழாய், சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட்டு நிறுத்த ஒரு இடம். வருடத்துக்கு இரண்டு கிலோ கம்பி எரிக்கும் வீட்டுக்கு இதெல்லாம் அதிகம். வாரா வாரம் வேலை செய்பவருக்கு இது சரி. (தீயணைப்பான் சிலிண்டரை மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அதன் உள்ளே அடி வரை ஒரு குழாய் போகும். அது வாயுவை அல்ல, திரவத்தை வெளியே தள்ளும். ரெகுலேட்டர் உறைந்து போவது அதன் சின்னத் தண்டனை.)

அப்படியானால் எது? கேஸ்லெஸ் மட்டுமே ஓடும் மெஷினை வாங்காமல், இரண்டும் ஓடும் மெஷினை வாங்கி முதலில் கேஸ்லெஸ்ஸில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். விலை வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் பின்னால் வரப்போகும் கம்பிச் செலவுக்கு ஒரு இன்சூரன்ஸ். கேஸ் குழாய் மாட்ட பின்னால் ஒரு வாய் இருக்கிறதா, போலாரிட்டி மாற்ற முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். போலாரிட்டி முக்கியம். கேஸ் வைத்த சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில், கேஸ்லெஸ் கம்பிக்குப் பொதுவாக டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும். மெஷின் மட்டம் என்று திட்டுகிறவர்களில் ஒரு பகுதி இதை மாற்றாமல் அடித்தவர்கள்.

அடுத்து டார்ச். மலிவு மெஷின்களில் டார்ச் உடம்போடு பொருத்தியே வரும். அது போனால் மெஷினே போன மாதிரி. ஐரோப்பிய வகை இணைப்பு என்று ஒன்று இருக்கிறது, பித்தளைத் திருகு, நடுவில் துளை. அது இருந்தால் பாரிமுனையிலோ கோயம்புத்தூரிலோ வேறு கம்பெனி டார்ச் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நுனியில் இருக்கும் கான்டாக்ட் டிப் தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள், பெட்டியோடு வரும் ஒன்றிரண்டு போதாது. ஸ்பூலையும் பாருங்கள். ஒரு கிலோ ஸ்பூல் மட்டும் உட்காருமா, ஐந்து கிலோவும் உட்காருமா? சின்ன ஸ்பூலில் கிலோ விலை அதிகம். ஷாம்பு சாஷே மாதிரி.

மூன்று வேலை ஒரே மெஷினில், மிக், ஆர்க், டிக், என்று வருவதைப் பற்றி: ஆர்க் இருப்பது நிஜமாகவே உபயோகம். துருப்பிடித்த கேட்டின் தடித்த கீலுக்கு ராடுதான் லாயக்கு. டிக் இருப்பது பெரும்பாலும் விளம்பரத்துக்கு. அதற்குத் தனி டார்ச், ஆர்கான் சிலிண்டர் எல்லாம் வேண்டும். அதுவும் டிசி மட்டும் என்பதால் வழக்கமான முறையில் அலுமினியம் ஒட்டாது. அந்த மூன்றாவது வேலைக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பெனி? பெரிய பெயர் கொடுக்கும் முக்கியமான விஷயம் சர்வீஸ். இன்வெர்ட்டருக்குள் இருப்பது ஒரு போர்டு, அதன் மேல் ஒரு பேன். பக்கத்தில் கிரைண்டர் போட்டால் அந்த பேன் இரும்புத் தூளை உறிஞ்சி போர்டு மேல் தூவும். பல்லியும் கரப்பானும் சூடான இடம் தேடி வரும். போர்டு போனால் மெஷின் விலையில் பெரும்பங்கு போகும். வாரண்டி ஒரு வருடம் என்று இருக்கும், சர்வீஸ் சென்டர் டெல்லியில் இருக்கும். போக வர கூரியர் செலவைக் கூட்டிப் பார்த்தால் வாரண்டி எவ்வளவு மதிப்புள்ளது என்று புரியும். பக்கத்து ஊரில் ஆள் வைத்துப் பார்க்கும் மெஷின், இரண்டாயிரம் அதிகமானாலும் மலிவுதான்.

காசுக் கணக்கையும் ஒருமுறை நேராகப் போட்டுவிடலாம். உதாரணத்துக்கு: மெஷின், கிரைண்டர், ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். பட்டறையில் ஒரு சின்ன வேலைக்கு ஆட்டோ செலவோடு 700. வீட்டில் செய்தால் கம்பி, கரண்ட் 100. ஒரு வேலைக்கு மிச்சம் 600. போட்ட பணம் திரும்ப 34 வேலை வேண்டும். சாதாரணக் குடும்பத்தில் வருடத்துக்கு நாலு வேலை வந்தால் பெரிது. எட்டரை வருடம்! அதுவரை பரணில் எலி கடிக்காமல் இருக்க வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கத்தான் வாங்குகிறேன் என்பவர் வாங்கக் கூடாது, தெரு முனைப் பட்டறை அண்ணனிடமே போகலாம். தோட்டம், பண்ணை, பழைய வண்டி என்று மாதம் இரண்டு மூன்று வேலை இருப்பவருக்கு ஒன்றரை வருடத்தில் கணக்கு நேராகிவிடும். கையால் ஏதாவது செய்வதில் சந்தோஷம் காண்பவருக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. கேமரா வாங்குபவர் பிரேக்-ஈவன் பார்த்தா வாங்குகிறார்?

ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெட்டியோடு இலவசமாக வரும் கையில் பிடிக்கும் கண்ணாடி, மிக்குக்கு அரைகுறைதான். ஒரு கை டார்ச்சில், ஒரு கை கண்ணாடியில் என்றால் குழாயை யார் பிடிப்பது? நெருப்பு வந்தவுடன் தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட் மெஷினோடு சேர்ந்த செலவு, தனிச் செலவு அல்ல. ஒளியைப் பார்த்துவிட்டால் அப்போதே தெரியாது. ராத்திரி மணலை அள்ளிக் கண்ணில் போட்டது போல எரியும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான், அவர்களிடம் ஹெல்மெட்டும் இல்லை. பாலியஸ்டர் சட்டை, நைலான் டிராக் பேன்ட் வேண்டாம், பருத்தி போடுங்கள். முக்கியமாக ஜிஐ பைப். வீட்டில் மிச்சம் கிடப்பது எப்போதும் ஜிஐ பைப்தான். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி நடுங்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, மூடிய ஷெட்டுக்குள் அல்லாமல் திறந்த வெளியில், தகுந்த மாஸ்க் போட்டு, புகையின் எதிர்ப்பக்கம் நின்று செய்ய வேண்டும். முடியாவிட்டால் கறுப்புக் குழாய் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது அந்த "பார்க்கிற மாதிரி" விஷயம். ஆர்க் வெல்டிங்கில் தப்பு செய்தால் பெரும்பாலும் முகத்திலேயே தெரியும், கோணலாக, ஓட்டையாக. மிக் அப்படி நேர்மையானது அல்ல. சூடு போதாமல் அடித்தால் கம்பி உருகி இரும்பின் மேல் அழகாகப் படியும், ஆனால் இரும்புக்குள் இறங்காது. மெழுகு சொட்டி உறைந்த மாதிரி. மேலே பார்த்தால் காசு அடுக்கி வைத்தது போல் வரிசையாக இருக்கும். சின்ன மெஷின், தடித்த இரும்பு, குறைந்த வோல்டேஜ் வரும் ஊர், மூன்றும் சேர்ந்தால் இது நிச்சயம். பூந்தொட்டி ஸ்டாண்டில் இப்படி நடந்தால் ஒரு தொட்டி உடையும். ஊஞ்சல் கொக்கியிலோ ஏணியிலோ பால்கனி கைப்பிடியிலோ நடந்தால்? ஆள் தாங்க வேண்டிய எதையும், கை நன்றாகப் பழகும்வரை, வீட்டு மெஷினில் தொடக் கூடாது. ஊஞ்சல் கொக்கி பட்டறைக்கே போகட்டும், 700 ரூபாய் போனால் போகட்டும்.

பழகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு, செலவும் கிடையாது. வேலைக்கு எடுத்த அதே இரும்பில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் வெல்டு வைக்க வேண்டும். ஆறியதும் வைஸில் பிடித்து, நிற்கும் துண்டை வெல்டு இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்க வேண்டும். மடங்கி நசுங்கியும் விடாமல் பிடித்திருந்தால் சரி. டக்கென்று கழன்று வந்து, கீழே இருந்த இரும்பில் கீறல்கூட இல்லாமல் பளபள என்று இருந்தால் அது வெல்டு இல்லை, வெறும் ஒட்டு. வோல்டேஜை ஒரு புள்ளி ஏற்றி, கையைக் கொஞ்சம் மெதுவாக்கி, இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.